குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

மயிலாடுதுறை

அன்புள்ள கயலுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா கிளறிய பிரசவ லேகியம் தனிப் பார்சலில் வருகிறது. டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் ஒழுங்காகச் சாப்பிடு.

நேற்று போனில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உன் மாமியார் பக்கத்திலேயே இருந்தார், அதனால் பேச்சை மாற்றிவிட்டேன். குழந்தை பிறந்ததும் ஜெர்மனியில் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. உன் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் பெயர், மாப்பிள்ளை பாஸ்போர்ட்டில் சம்பந்தியின் பெயர். ஆக, பிறக்கப்போகும் பிள்ளை இரண்டு தாத்தாக்களில் ஒருவரைச் சுமந்தாக வேண்டும். "நமக்கு ஒழுங்கான குடும்பப் பெயரே இல்லையே அப்பா, அங்கே கேட்கும்போது கூச்சமாக இருக்கிறது" என்றாய். கட்டத்தை விட அந்தக் கூச்சம்தான் எனக்கு உறுத்தியது.

டென்மார்க் எல்லையை ஒட்டி நீ குடியிருக்கும் ஃபிளென்ஸ்பர்க்கில் வீட்டு வாசல்களில் என்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார். ஹான்சென், பீட்டர்சென், யென்சென், நிஸ்ஸென். ஹான்சென் என்றால் ஹான்ஸின் மகன். பீட்டர்சென், பீட்டரின் மகன். அந்த ஸ்லெஸ்விக் பகுதி முன்பு டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. அங்கே கிராமத்து மக்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. ஹான்ஸின் மகன் பீட்டர் என்றால் அவன் பீட்டர் ஹான்சென். அவனுக்கு ஒரு யென்ஸ் பிறந்தால் அவன் யென்ஸ் பீட்டர்சென். தலைமுறைக்குத் தலைமுறை பின்பாதி மாறும். நம் இன்ஷியல் செய்வதும் இதே வேலைதான். நாம் அதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைக்கிறோம், அவர்கள் முழுதாக எழுதிப் பின்னால் வைத்தார்கள்.

1771இல் அரசாணை வந்தது: இனிப் பெயர் மாறக்கூடாது, இப்போது இருப்பதே பரம்பரைக்கும். சொத்து யாருடையது, வரி யார் கட்ட வேண்டும், யாருடைய மகன் யார் என்று பதிவேடு வைப்பவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். எனக்கு அவர்கள் மீது கோபம் வரவில்லை. ஒரே தெருவில் எஸ். கணேசன், ஆர். கணேசன், இன்ஷியலே போடாத ஒரு கணேசன் என்று வைத்துக்கொண்டு, மணியார்டரை யாரிடம் கொடுப்பது என்று விழித்துக்கொண்டு நின்றவன் நான். தவறான கணேசன் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால் பணம் திரும்பாது, தபால்காரனின் சம்பளம்தான் போகும். ஆனால் ஜனங்கள் ஆணையை அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் பழைய வழக்கத்தையே தொடர்ந்தார்கள். டென்மார்க்கிலோ 1828இல் ஓர் ஆணை போட்டு, அது சரியாகப் பிடிபடாமல் 1856இல் மறுபடியும் போட வேண்டியிருந்தது. உனக்கு மேற்கே, வடகடலோரம் வாழும் ஃபிரீசியர்களும் இதே வழக்கத்தினர். அவர்களில் கிழக்கு ஃபிரீசியாவுக்கு நெப்போலியன் 1811இல் கட்டளை அனுப்பினார், அங்கேயும் இழுபறிதான்.

இதில் எனக்குச் சிரிப்பு வருவது ஒன்று. டென்மார்க்கில் முன்பு பெண்ணுக்கு ஹான்ஸ்டாட்டர், அதாவது ஹான்ஸின் மகள், என்று தனி வடிவம் இருந்தது. பெயர் உறைந்தபோது பெண்களும் ஹான்சென் ஆகிவிட்டார்கள். உன் வீட்டுக்கு வந்துபோகும் மருத்துவச்சியின் பெயர் ஹான்சென் என்றாய். பிரசவம் பார்க்கும் அந்த அம்மாள் பெயரளவில் யாரோ ஒரு ஹான்ஸின் மகன்! அந்த ஹான்ஸ் யார், மீன் பிடித்தவரா, மாடு வளர்த்தவரா என்று அவருக்கும் தெரியாது.

ஐஸ்லாந்துக்காரர்கள் மட்டும் இன்றுவரை உறைய விடவில்லை. 1925இல் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அங்கே தொலைபேசிப் புத்தகம் அச்சான காலத்தில் அதுவும் சொந்தப் பெயர் வரிசையில்தான் இருந்தது. 1980இல் அவர்கள் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர், ஃபின்போகியின் மகள் விக்டிஸ். ஊரே அவரை விக்டிஸ் என்றுதான் அழைத்தது. ஒரு நாடே இப்படி இருக்கும்போது நீ எதற்குக் கூச்சப்படுகிறாய்?

மற்ற ஜெர்மன் பெயர்களில் மிகப் பரவலானவை பெரும்பாலும் தொழிற்பெயர்கள். அந்த நாட்டில் அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் முல்லர், மாவு அரைக்கும் ஆலைக்காரர். ஷ்மிட் கொல்லர், வேபர் நெசவாளி, ஷ்னைடர் தையற்காரர். உன் பக்கத்து வடக்கு வழக்கில் அந்தத் தையற்காரரே ஷ்ரோடர். குரூகர் என்றால் சத்திரமோ சாராயக் கடையோ நடத்தியவர். மையர் என்பவர் பண்ணையின் காரியஸ்தர். அதை எழுதியவர் கைக்குத் தகுந்தபடி நாலைந்து எழுத்துக்கூட்டலில் இன்றும் எழுதுகிறார்கள், ஒருவர் மற்றவருடையதைத் தப்பாக எழுதினால் முகம் சுளிக்கிறார்கள்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஷ்ரோடர் அங்கே நாட்டின் தலைமை அமைச்சர் ஆனார், ஷ்மிட்டும் ஆனார். செருப்புத் தைப்பவர் என்று பொருள்படும் ஷூமாக்கர் என்ற பெயரோடு ஒருவர் கார் பந்தயத்தில் உலகப் புகழ் பெற்றார். அந்தப் பெயர்களைக் கேட்டு யாரும் திண்ணையை விட்டு எழுந்து போகச் சொல்வதில்லை. கொல்லர் பேரன் தையற்காரர் பேத்தியைக் கட்டிக்கொண்டான், தொழில் மாறியது, பெயர் வெறும் சத்தமாக மிஞ்சியது. நம் ஊரில் தொழில் சாதியாகி, சாதி பெயருக்குப் பின்னால் வால் முளைத்து நின்றது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அந்த வாலை வெட்டச் சொல்லித் தீர்மானம் போட்டது. உன் கொள்ளுத் தாத்தாவின் பத்திரங்களில் அந்தப் பட்டம் இருக்கிறது, உன் தாத்தாவின் பத்திரங்களில் இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் போகவில்லை, அம்மா. வேண்டாம் என்று விட்டோம். பதிவு அலுவலகத்தில் யாராவது கேட்டால் தலை நிமிர்ந்து இதைச் சொல்.

சொந்தப் பெயர்களின் கதை வேறு. பழைய ஜெர்மானியப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளை ஒட்டியவை. ஃப்ரீட்ரிஷ் என்பதில் அமைதியும் ஆட்சியும், கெர்ட்ரூட் என்பதில் ஈட்டியும் வலிமையும். அப்பா பெயரில் ஒரு துண்டு, அம்மா பெயரில் ஒரு துண்டு எடுத்து ஒட்டுவதும் உண்டு. அதனால் கூட்டிப் பார்த்தால் எப்போதும் பொருள் வராது. ஹில்டெகுண்ட் என்ற பெயரின் முதல் துண்டும் போர், இரண்டாவது துண்டும் போர். அந்தப் பெண்ணோடு யார் குடித்தனம் நடத்தினார்களோ!

பிறகு கிறிஸ்தவம் வந்து எபிரேய, கிரேக்க, லத்தீன் பெயர்களைக் கொண்டுவந்தது. யோஹன்னஸ் என்றால் கடவுள் அருளினார் என்று பொருள். அதுவே ஹான்ஸ், ஜான், ஜீன், ஜுவான், இவான். நம் கத்தோலிக்கர்கள் அதைப் பொருள் பிடித்து அருளப்பர் ஆக்கினார்கள். பவுல் என்பதற்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள், அவர் சின்னப்பர். ஸ்டீபன் கிரேக்கத்தில் கிரீடம், அவர் முடியப்பர். எவ்வளவு அழகு! நான் வேலை பார்த்த ஊரில் சின்னப்பன்களுக்கும் அருளப்பன்களுக்கும் வரும் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கியபோது இதெல்லாம் தெரிந்திருந்தால் இன்னும் சுவாரசியமாக இருந்திருக்கும். சவேரியார் மட்டும் விதிவிலக்கு. அது ஆளின் பெயரே இல்லை, ஸ்பெயினின் நவார் பகுதியில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் புது வீடு. இடையன்குடி கால்டுவெல்லின் பெயரும் இப்படி ஒரு குளிர்ந்த நீரூற்றில் இருந்து வந்ததுதான்.

சரி, உன் படிவத்துக்கு வருகிறேன். 2025 மே 1 முதல் ஜெர்மனியில் பெயர்ச் சட்டம் தளர்ந்திருக்கிறது. பெற்றோர் இருவரின் குடும்பப் பெயரையும் சேர்த்துப் பிள்ளைக்கு வைக்கலாம், நடுவில் கோடு போட்டோ போடாமலோ. அதாவது சட்டப்படி உன் பிள்ளை திருஞானசம்பந்தம்-மீனாட்சிசுந்தரம் ஆகலாம். நீளமான சொற்களுக்குப் பேர்போன ஜெர்மானியர்களே மிரண்டுவிடுவார்கள். நானும் சம்பந்தியும் கல்யாண மண்டபத்திலேயே ஒரு சோபாவில் சேர்ந்து உட்கார்ந்ததில்லை, உன் பிள்ளையின் அடையாள அட்டையில் காலமெல்லாம் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா?

என்னைக் கேட்டால் என் பெயரை விட்டுவிடு. ஆசை இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் என் பெயர் உன் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதற்கு அர்த்தம் இருக்கிறது, நான் உன் அப்பன். பேரனுக்கோ பேத்திக்கோ அது அப்பாவின் இடம். நான் அங்கே போய் உட்கார்ந்தால் இரண்டு தலைமுறையில் நானும் அந்த ஹான்ஸ் மாதிரி யாருக்கும் தெரியாத ஆளாகிவிடுவேன். அதே புதிய சட்டம் ஃபிரீசியர்களுக்குப் பழைய வழக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, அப்பாவின் அல்லது அம்மாவின் சொந்தப் பெயரில் இருந்தே பிள்ளையின் குடும்பப் பெயரை ஆக்கிக்கொள்ளலாம். அது அவர்களுக்கான உரிமை. நம் நாட்டு வழக்கப்படி மாப்பிள்ளையின் சொந்தப் பெயரையோ உன் பெயரையோ பதிய வழி உண்டா என்று அலுவலகத்தில் கேள். உண்டென்றால் யார் பெயர் என்பதை நீங்கள் இருவருமே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் சண்டை வேண்டாம், சம்பந்தியின் பெயரையே போடு. அம்மா கோபித்துக்கொள்வாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சொந்தப் பெயரைப் பற்றி யாராவது, இது ஆண் பெயரா பெண் பெயரா என்று இழுத்தால், 2008இல் அந்த நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றமே ஒரு பெண் குழந்தைக்குக் கிரண் என்று பெயர் வைக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருப்பதை எடுத்துச் சொல். நீ நினைத்திருக்கும் யாழினி நல்ல பெயர்தான். ஆனால் ழகரத்தை ஆங்கில எழுத்தில் இரண்டு எழுத்தாக எழுதி அவர்களிடம் கொடுத்தால் என்ன பாடுபடும் என்று கயல்விழி என்ற உன் பெயரிலேயே அனுபவிக்கிறாய். 'வி'க்கு நாம் போடும் எழுத்தைப் பல பெயர்களில் அவர்கள் 'ஃப' என்று வாசிப்பார்கள், 'ஜ'வுக்கான எழுத்தை 'ய' என்பார்கள். நிலா, மாறன் போன்றவை தப்பித்துவிடும். எதுவானாலும் பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கட்டும். மருத்துவமனையில் அவசரத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிடாதே, தாளில் பெரிய எழுத்தில் எழுதி மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இப்போதே வைத்துவிடு.

முடிவானதும் சம்பந்திக்கு முதலில் சொல். எனக்கு ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா