டிஃபரன்ஷியல் கசிவு: ஆயில் சீலை மாற்றும் முன் பிரீதரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிக்கப் வண்டியின் பின் டிஃபரன்ஷியலில் (இன்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் கியர்ப் பெட்டியில்) ஆயில் ஒழுகினால் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். செய்யலாம்தான். ஆனால் 'சீலை (ஆயில் வெளியேறாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை) மாற்று, ஆயிலை ஊற்று' என்று இரண்டு வரியில் முடிகிற வேலையாக அதைச் சொல்வது தவறு. எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதைப் பொறுத்து அது அரை நாளில் முடியும் எளிய வேலையாகவும் இருக்கும், நல்ல கியரைப் பாழாக்கும் வேலையாகவும் ஆகிவிடும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு ஸ்பேனரை எடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், ஒழுகுவது கியர் ஆயில்தானா? விரலில் தொட்டுத் தேய்த்தால் கனமாக வழுக்கும். கந்தக வாடை முகத்தில் அடிக்கும். பிரேக் ஆயில் தண்ணீர் போல் இளகியிருக்கும், இந்த வாடை இராது. பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் இந்தச் சோதனையை விடவே கூடாது. பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் கசிந்தாலும், சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்டின் சீல் கசிந்தாலும் ஈரம் ஒரே இடத்தில்தான் வழியும்.

அடுத்தது இடத்தைக் கண்டுபிடிப்பது. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளுகிறது. முன்னால், சுழற்சியை உள்ளே கொண்டுவரும் சிறு கியரான பினியனின் சீலில் கசிந்தது பின்மூடி முழுக்கப் படிந்து, மூடிதான் ஒழுகுகிறது என்று ஏமாற்றும். அதனால் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) உள்ள மண்ணையும் பிசுக்கையும் சுரண்டி எடுத்து, பிரேக் கிளீனரால் கழுவித் துடைத்து, ஒரு 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து கீழே படுத்துப் பாருங்கள். பினியன் சீல் போயிருந்தால், சுழலும் ஃபிளேஞ்ச் (இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை மாட்டும் வட்டத் தகடு) ஆயிலை வீசியடிப்பதால் அதற்கு நேர் மேலே வண்டியின் அடித்தகட்டில் கோடு போட்டதுபோல் தெளித்திருக்கும். மூடியின் பேக்கிங் (மூடிக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் வைக்கும் தாள் அல்லது பேஸ்ட்) என்றால் கீழ் விளிம்பில் துளி தொங்கும். ஆக்சில் சீல் என்றால் பிரேக் பின்தட்டில் தடம் வழிந்திருக்கும், சில சமயம் டயரின் உள்பக்கம் வரை. ஆயில் நிரப்பும், வடிக்கும் துளைகளின் பிளக் என்றால் ஈரம் பிளக்கிலிருந்தே தொடங்கும்.

இந்த எல்லா இடங்களுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. அதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. ஆக்சில் குழாயின் மேல் பிரீதர் என்றொரு சின்ன மூச்சுத்துளை இருக்கும். சில வண்டிகளில் அது தொப்பி போட்ட ஒரு நிப்பிள். சிலவற்றில் அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மேலே சேஸிஸ் வரை போகும். வண்டி ஓடி டிஃபரன்ஷியல் சூடாகும்போது உள்ளே காற்று விரிகிறது. பிரீதர் வழியே அது வெளியேற வேண்டும். மண்ணும் துருவும் சேர்ந்து அது அடைபட்டால் அந்த அழுத்தம் சீலின் உதட்டை (ஷாஃப்டை உரசி நிற்கும் ரப்பர் விளிம்பை)த் தூக்கிக்கொண்டு ஆயிலோடு வெளியே வருகிறது. அப்போது எத்தனை புது சீல் போட்டாலும் சில வாரங்களில் மறுபடி ஒழுகும். பழி சீலின் மேல் விழும்.

பிரீதரைக் கழற்றி வாயால் ஊதிப் பார்க்கலாம், முதலில் துடைத்துவிட்டு. காற்று தடையில்லாமல் போக வேண்டும். தொப்பி வகை என்றால் விரலால் சுழற்றினால் இலேசாகச் சுற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டும் சரியாகாவிட்டால் புதிதாகப் போடுங்கள். மொத்த வேலையிலும் மலிவான பொருள் அதுதான். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கும் வண்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுக்கும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அந்த ஆயிலை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது.

வண்டியைத் தூக்குவது பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான பிக்கப்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கம் தூக்கிய பிறகு அதற்கு அர்த்தமே இல்லை. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஆக்சில் குழாய்களுக்குக் கீழே இரண்டு ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகாதீர்கள்.

மூடி பேக்கிங் மாற்றுவது வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. ஆனால் முதலில் நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது துருவேறி அசையவில்லை என்பது ஆயில் முழுவதையும் வடித்த பிறகு தெரிந்தால், வண்டி அங்கேயே நிற்கும். வண்டியைச் சற்று ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்கிவிட்டு, கீழே அகலமான தட்டு வைத்து, கீழ்ப்பக்க போல்ட்களைக் கழற்றுங்கள். மேலே உள்ள இரண்டை மட்டும் நான்கைந்து சுற்று தளர்த்தி விட்டுவிட வேண்டும். பிறகு கீழ் விளிம்பில் தட்டையான கம்பியை நுழைத்து நெம்பினால் மூடி விலகி ஆயில் தட்டில் விழும். எல்லா போல்ட்டையும் கழற்றிவிட்டு நெம்பினால் மூடியும் ஆயிலும் சேர்ந்து மார்பில்தான் விழும். பிரேக் பைப்பைத் தாங்கும் கிளிப் ஏதாவது மூடி போல்ட்டில் இருக்கிறதா என்றும் முன்னாலேயே பாருங்கள். பைப்பை வளைத்துவிட்டால் வேலை இரண்டாகும்.

உள்ளே இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தம் இருந்தால், அதைத் துடைக்கும் முன் அதில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துப் பாருங்கள். மைபோல் நைசான சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் துகள், சிம்பு, பல் உடைந்த முனை எதுவும் வந்தால் பேக்கிங் வேலையோடு நிறுத்த முடியாது. பேரிங்கையும் பல்லையும் பார்க்க வேண்டும்.

பழைய பேக்கிங்கை முழுதாகச் சுரண்டி எடுங்கள், ஆனால் ஹவுசிங் முகத்தில் கீறல் விழாமல். உளியால் சுரண்டிய ஒரு கீறல் போதும், அந்த வழியாகவே அடுத்த கசிவு வரும். சுரண்டும்போது உள்ளே துணியால் மூடிவைத்தால் தூசி கியரில் விழாது. மூடி தகடு என்றால் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்துப் பாருங்கள். முன்பு யாராவது அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு குழிந்திருக்கும். சமதளத்தில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தாமல் எந்தப் பேக்கிங் போட்டும் பயனில்லை.

பேக்கிங் தாளும் சிலிக்கான் பேஸ்ட்டும் சேர்த்துப் போடுவது பலருக்குப் பழக்கம். கூடாது. பேஸ்ட் தாளை வழுக்க வைத்துப் பிதுக்கித் தள்ளும். தயாரிப்பாளர் தாள் கொடுத்திருந்தால் தாள், பேஸ்ட் சொல்லியிருந்தால் பேஸ்ட். பேஸ்ட் கியர் ஆயிலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். குளியலறைக்கு வாங்கிய புளிப்பு வாடை சிலிக்கான் இதற்கு ஆகாது. இரண்டு முகங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் பிரேக் கிளீனரால் துடைத்து, 3 முதல் 5 மி.மீ. தடிமனில் ஒரே தொடர்ச்சியான கோடாக, ஒவ்வொரு துளையின் உட்பக்கமாகச் சுற்றி இழுங்கள். அதிகம் வைத்தால் பாதுகாப்பு அதிகமாகிவிடாது. உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயிலோடு சுற்றிக்கொண்டிருக்கும். போல்ட்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். போல்ட் பருமனைப் பொறுத்து இறுக்கம் 25 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் வரும்; உங்கள் வண்டியின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்ட் டியூபில் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருந்து பிறகுதான் ஆயில்.

எல்லா வண்டியிலும் பின்மூடி கழலும் என்று நினைக்க வேண்டாம். பல பிக்கப்களில் பின்பக்கம் வெல்டிங்கில் மூடியிருக்கும். கியர்த் தொகுதி முழுவதும் முன்பக்கமாக வெளியே வரும். அதன் பேக்கிங் கசிந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் கழற்ற வேண்டும். அந்தத் தொகுதியை மல்லாந்து படுத்தபடி ஒருவர் கையில் தாங்க முடியாது. டிரான்ஸ்மிஷன் ஜாக்கியும் துணைக்கு ஒரு ஆளும் இல்லாமல் தொடாதீர்கள்.

ஆயில் விஷயத்தில் 'கியர் ஆயில்தானே' என்ற அலட்சியம் நிறையக் கெடுக்கிறது. டிஃபரன்ஷியலில் உள்ள ஹைப்பாய்ட் வகைக் கியரில் பினியனின் அச்சு, அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் மையத்தை விட்டு விலகியிருக்கும். அதனால் பற்கள் உருள்வதோடு, ஒன்றின் மேல் ஒன்று கடுமையாக வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கும் வேதிப்பொருள் ஜி.எல்.-5 தர ஆயிலில்தான் போதுமான அளவு இருக்கிறது. கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜி.எல்.-4 மிச்சத்தை இங்கே ஊற்றக் கூடாது. பாகுநிலை 80டபிள்யூ-90, 75டபிள்யூ-90, 75டபிள்யூ-140 என வண்டிக்கு வண்டி மாறும். லிமிடெட் ஸ்லிப் வகை (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) என்றால் அதற்கான ஃப்ரிக்ஷன் மாடிஃபையரும் (உராய்வைச் சீராக்கும் மருந்தும்) பெரும்பாலும் தேவை. இல்லாவிட்டால் வளைவில் அதிர்ந்து முனகும். அளவு பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று லிட்டர். வண்டி சமமாக நிற்க, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் தொட்டு வழியத் தொடங்கினால் போதும். சில ஆக்சில்களுக்கு விளிம்புக்கு ஓரிரு சென்டிமீட்டர் வரை கீழே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். கையேடு சொல்வதே கணக்கு. 'இன்னும் கொஞ்சம்' என்று ஜாக்கியால் வண்டியைச் சாய்த்து ஊற்றியது பிரீதர் வழியே வெளியேறும்.

குறைந்தாலும் ஆபத்துதான். கிரவுன் வீல் வாரியிறைக்கும் ஆயில்தான் ஹவுசிங்கின் கால்வாய் வழியே முன் பினியன் பேரிங்குக்குப் போகிறது. மட்டம் இறங்கினால் முதலில் காய்வது அந்தப் பேரிங். 'கொஞ்சம் ஒழுகினால் பரவாயில்லை' என்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆக்சில் சீல் மாற்றுவது வண்டியைப் பொறுத்தது. ஷாஃப்டின் உள்முனையை 'சி' வடிவ கிளிப் பிடித்திருக்கும் வகையில் மூடியைத் திறந்து, குறுக்குப் பின்னை எடுத்து, ஷாஃப்டை உள்ளே தள்ளினால் கிளிப் விழும். ஷாஃப்ட் வெளியே வரும். பேரிங்கும் வளையமும் ஷாஃப்டிலேயே அழுத்தி ஏற்றப்பட்ட வகைக்குப் பிரஸ் வேண்டும். அந்தப் பகுதியைப் பட்டறையில் கொடுத்துவிடுவதே சரி. ஷாஃப்டைத் திரும்ப நுழைக்கும்போது அதன் எடை சீலின் மேல் சாயக் கூடாது. ஷாஃப்ட் முனையில் வெட்டியிருக்கும் ஸ்ப்ளைன் பல் உதட்டைக் கிழித்துவிடும். ஆயிலில் நனைந்த பிரேக் ஷூவை மண்ணெண்ணெயில் கழுவியோ நெருப்பில் காட்டியோ திரும்பப் போடாதீர்கள். லைனிங்குக்குள் ஊறியது சூட்டில் மீண்டும் வெளிவரும், ஒரு பக்கம் பிரேக் பிடிக்காமல் இழுக்கும். இரு பக்கமும் புது ஷூதான்.

இனி பினியன் சீல். வீட்டு வேலையில் அதிகம் கெடுவது இது. காரணம் சீல் இல்லை, ஃபிளேஞ்சைப் பிடித்திருக்கும் நட்டு. பல ஆக்சில்களில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கு இடையே நசுங்கிக் கொடுக்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்குக்கு வேண்டிய இறுக்கம் வருகிறது. நசுங்கியது திரும்ப விரியாது. ஏர் கன்னை வைத்து ஒரு தட்டு அதிகம் தட்டிவிட்டால் பேரிங் இறுகிச் சூடாகி அழிந்துவிடும். தளர்த்தினால் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை, புது ஸ்பேசர் போட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். தளர்வாக விட்டாலோ பினியன் ஆடி, கியர் ஊளையிடும்.

எனவே ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியதும், இரு சக்கரங்களையும் டிரம்களையும் எடுத்துவிட்டு, பினியனைச் சுழற்ற எவ்வளவு விசை பிடிக்கிறது என்று முள் காட்டும் சிறிய டார்க் ரெஞ்சால் அளந்து எழுதிவையுங்கள். 'கிளிக்' வகை ரெஞ்ச் இந்தச் சிறு அளவைக் காட்டாது. பிறகு பினியன் முனை, நட்டு, ஃபிளேஞ்ச் மூன்றிலும் பஞ்ச் குறி போட்டு, வெளியே தெரியும் மரைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஃபிளேஞ்சை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங்தான் போயிருக்கிறது. புது சீலும் நிற்காது.

ஃபிளேஞ்ச் வெளியே வந்ததும் சீல் உரசும் இடத்தில் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அதன் மேல் ஏற்றும் மெல்லிய உலோக வளையமான ரிப்பேர் ஸ்லீவோ புது ஃபிளேஞ்சோ வேண்டும். சீலை அதன் விட்டத்துக்கு ஏற்ற குழாயோ சாக்கெட்டோ வைத்து நேராக இறக்குங்கள். ஒரு பக்கமாகச் சுத்தியலால் அடித்தால் உதட்டின் பின்னால் உள்ள வட்ட ஸ்பிரிங் நழுவிவிடும், அது வெளியே தெரியாது. உதட்டில் கிரீஸ் தடவிய பிறகே ஃபிளேஞ்ச். புது நட்டு போட்டு, குறி சேரும் இடத்துக்கு முன்பே நிறுத்தி, சிறிது சிறிதாக இறுக்கி ஒவ்வொரு முறையும் பினியனைப் பலமுறை சுற்றி அளந்து பாருங்கள். எழுதிவைத்த அளவுக்கு மேல் 0.3 முதல் 0.5 நியூட்டன் மீட்டர் கூடினால் நிறுத்திவிடுங்கள். அளக்கும் கருவி இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மட்டும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

ரப்பரை உப்ப வைக்கும் கசிவுநிறுத்தி மருந்துகள் தேய்ந்த உதட்டைச் சில காலம் தள்ளும். பள்ளம் விழுந்த ஃபிளேஞ்சுக்கும் அடைபட்ட பிரீதருக்கும் அவற்றால் ஒன்றும் ஆகாது. வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள்.

வண்டித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு கோரிக்கை. உரிமையாளர் கையேட்டில் ஆயில் தரமும் அளவும் மட்டும் போட்டுவிட்டு, மூடி போல்ட்டின் இறுக்கம், பினியன் சுழல்விசை, பிரீதர் இருக்குமிடம் ஆகியவற்றைப் பட்டறைக் கையேட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மூன்றையும் உரிமையாளர் கையேட்டில் ஒரு பக்கம் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பின் ஆக்சில் வேலை தெரிந்த ஒரு வாசகர்