தலைப்பு வைக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நேற்று போனில், "செய்தித் தலைப்புல ஒன்றிய அரசா, மத்திய அரசா, எதைப் போடட்டும்ப்பா?" என்று கேட்டாய். பஸ் இரைச்சலில் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு.

அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. ஆனாலும் 2021-ல் அந்தச் சொல்லுக்காக நம் சட்டமன்றத்திலேயே வாக்குவாதம் நடந்தது. மத்தி என்று ஒன்று இருந்தால் நாம் ஓரம். ஒன்றியம் என்றால் நாமும் அதில் ஓர் ஆள். சண்டை அதற்குத்தான். எதைப் போட்டாலும் உனக்கு ஒரு கட்சிச் சாயம் பூசுவார்கள். போட்டுவிட்டுப் போ.

யாரும் சண்டைக்கு வராத சொற்கள்தான் எனக்குப் பயம். 1970-ல் கலைஞர் ஆட்சியில் வந்த வாரியத்துக்குத் தமிழில் 'குடிசை மாற்று' என்று பெயர். ஆங்கிலத்தில் 'ஸ்லம் கிளியரன்ஸ்'. ஒரே ஆபீஸ்தான். தமிழில் படித்தால் குடிசை போய் வீடு வருகிறது, ஆங்கிலத்தில் படித்தால் இடம் காலியாகிறது. 2021-ல் அதை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆக்கினார்கள். குடியிருப்பவர்கள் வாயில் இன்றும் ஹவுசிங் போர்டுதான்!

உன்னிடம் சொல்லாத ஒன்று. நீ மூன்றாவது படிக்கும்போது, நைட் ஷிப்டில் ஒரு செய்திக்குறிப்பு வந்தது. ஆற்றோரம் இருந்தவர்களைக் காலி செய்த செய்தி. குறிப்பில் எழுதியிருந்தபடியே 'ஆற்றங்கரை ஆக்கிரமிப்புகள் அகற்றம்' என்று தலைப்பு வைத்தேன். எத்தனை குடும்பம், எங்கே போனார்கள் என்று குறிப்பில் ஒரு வரி இல்லை. நானும் கேட்கவில்லை. ஆக்கிரமிப்பு என்று எழுதிய பிறகு அந்தக் கேள்வியே எழவில்லை.

காலையில் டீக்கடையில் மாஸ்டர் அதை உரக்கப் படித்துவிட்டு, "பொறம்போக்குல உக்காந்தா தூக்கத்தான் செய்வாங்க" என்றார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். நானும்தான். அன்றைக்கு கிளாஸ்களை அவரே கழுவிக்கொண்டிருந்தார். "எங்க அந்தம்மா?" என்றேன்.

"ஆத்தோரம்தான் சார் வீடு. ரெண்டு நாளா வரல, என்னன்னு தெரியல" என்றார். பேப்பர் அவர் பக்கத்திலேயே ஈரமாகிக் கிடந்தது.

'ஆற்றங்கரை வீடுகள் இடிப்பு' என்று வைத்திருக்கலாம். எழுத்தும் குறைவு, மூன்று பத்தி அகலத்தில் தாராளமாக உட்கார்ந்திருக்கும்.

அன்புடன்,
அப்பா