அணை நீர்மட்டப் பெட்டிச் செய்தியை கணக்கு கிளாஸுக்கு கொண்டு போகணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல தினமும் ஒரு ஓரமா அணை நீர்மட்டம்னு ஒரு சின்ன பெட்டி வருதுல்ல, பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவுன்னு, அதைப் பத்தித்தான் எழுதுறேன். நான் மதுரை பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல முதலாமாண்டு பசங்களுக்கு கணக்கு எடுக்குறேன். பத்தாவதுல நல்ல மார்க் வாங்கிட்டு வர்ற புள்ளைக நிறைய, ஃபார்முலா கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவாங்க. ஆனா அந்த பெட்டியை காட்டி "வைகையில 900 கனஅடி திறந்திருக்காங்க, ஒரு நாளைக்கு எம்புட்டு தண்ணிடா போகும்"னு கேட்டா கிளாஸே கம்முனு ஆயிருது. கொஞ்ச நேரம் கழிச்சு ஒருத்தன் "900 தான சார்"ங்கிறான். விநாடிக்கு 900ங்கிறது அவன் கண்ணுலயே படல. அஞ்சாங்கிளாஸ் பெருக்கல் தெரிஞ்ச புள்ளைக்கு எதை எதால பெருக்கணும்னு தெரியல, எனக்கு பெரிய வருத்தமே அதுதாங்க.

சோழவந்தான் பக்கத்துல இருந்து ஒரு பையன் வந்தான், அவங்க அப்பா ராத்திரி முழிச்சு வயலுக்கு தண்ணி கட்டுறவரு. அவனையே போர்டுக்கு கூப்பிட்டேன். ஒரு நாளைக்கு 86,400 விநாடி, அதை 900 ஆல பெருக்குன்னேன், 7 கோடியே 77 லட்சத்து 60 ஆயிரம் கனஅடின்னு வந்துச்சு. சரி, இந்தத் தண்ணி போற பெரியாறு பிரதானக் கால்வாய்ல பேரணையில இருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோக பாசனம் 45,041 ஏக்கர், ஒரு ஏக்கருக்கு 43,560 சதுர அடி, அப்ப மொத்த நிலம் ஏறக்குறைய 196 கோடி சதுர அடி, இந்தத் தண்ணியை அது மேல சமமா பரப்புனா எவ்வளவு உயரம் நிக்கும்னு வகுக்கச் சொன்னேன். அரை இஞ்சு கூட முழுசா வரல! பையன் அப்படியே போர்டையே பாத்துட்டு நின்னான், அப்புறம் "இதுல வாய்க்கால்ல உறிஞ்சிப் போற தண்ணியை கழிக்கவே இல்லையே சார், அதான் எங்க கடைமடைக்கு வந்து சேர மாட்டேங்குது"ன்னான். நான் சொல்லிக் குடுக்காத கேள்விங்க அது. அதுக்கப்புறம் 45,041ஐ 900 ஆல வகுத்துப் பாருன்னேன், விநாடிக்கு ஒரு கனஅடி தண்ணிக்கு 50 ஏக்கர். சிவில் பசங்க இர்ரிகேஷன் பாடத்துல டூட்டி, டெல்டான்னு மனப்பாடம் பண்ணி எழுதுறாங்களே அது ரெண்டுமே இந்த ரெண்டு வகுத்தல்தான், அந்த 50 ஏக்கர்தான் டூட்டி, டெல்டாங்கிறது அந்த உயரத்தை பயிர்க்காலம் முழுக்க கூட்டுனா வர்றது.

இதே பெட்டியை வச்சு இன்னும் மேல போகலாம். வரத்து 2,000, திறப்பு 900ன்னா அணையில விநாடிக்கு 1,100 கனஅடி சேருது, ஒண்ணு எவ்வளவு வேகமா மாறுதுன்னு கண்டுபிடிக்க டிஃபரன்சியேஷன்னு பக்கம் பக்கமா போடுறோமே அது இந்த 1,100 தான். அதையே ஒரு நாள் பூரா கூட்டுனா 95 மில்லியன் கனஅடி, இது இன்டக்ரேஷன். வைகைக்கு 66 அடியில முதல் எச்சரிக்கை, 68.5ல ரெண்டாவது, 69ல மூணாவது, முழு கொள்ளளவு 71 அடின்னு நம்ம ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஆனா 30 அடியில இருந்து 31 ஆகுறதுக்கும் 68ல இருந்து 69 ஆகுறதுக்கும் ஒரே அளவு தண்ணியான்னு கேட்டுப் பாருங்க, பெரியவங்களே முக்காவாசிப் பேரு ஆமாம்பாங்க. அணை மேல போகப் போக விரிஞ்சுக்கிட்டே போகுது, அதனால மேல இருக்குற ஒரு அடி கீழ இருக்குற ஒரு அடியை விட ரொம்ப ரொம்ப பெருசு. ஒவ்வொரு உயரத்துலயும் தண்ணி எவ்வளவு பரப்புல நிக்குதுன்னு பாத்து அடியில இருந்து கூட்டிக்கிட்டே வந்தாத்தான் கொள்ளளவு கிடைக்கும், அதுவும் இன்டக்ரேஷன்தான்.

மதகுக்கு வாங்க. தண்ணி வெளியேறுற வேகம் ரெண்டு பெருக்கல் ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) பெருக்கல் உயரம், அதோட வர்க்கமூலம். ஜியை 32ன்னு வச்சுக்கிட்டா மதகுக்கு மேல 16 அடி தண்ணி நின்னா விநாடிக்கு 32 அடி வேகம், 64 அடி நின்னா 64 அடி வேகம் (உராய்வுல கொஞ்சம் குறையும், அது வேற). உயரம் நாலு மடங்கு ஆனா வேகம் ரெண்டே மடங்கு. வர்க்கமூலம் எதுக்கு சார் படிக்கணும்னு கேக்குற புள்ளைக்கு இதைக் காட்டலாம்ல.

ஸ்கூல் டீச்சர்களை நான் குறை சொல்ல வரல. சிலபஸை முடிக்கணும், ரிசல்ட் காட்டணும், அவங்க கழுத்துல கத்தி. ஆனா விடைக்குப் பின்னாடி கனஅடியா லிட்டரா மீட்டரான்னு எழுதாத பேப்பருக்கும் முழு மார்க் விழுந்துக்கிட்டே இருந்தா புள்ளை அதை எழுதவே எழுதாதுங்க. அந்தப் பழக்கம் அப்படியே பிசிக்ஸுக்கு வருது, பிசிக்ஸ்ல இருந்து மெஷின் டிசைனுக்கு வருது. அங்க மில்லிமீட்டரை மீட்டர்னு போட்டா மார்க் மட்டும் போகாது, கட்டுன சாமானே உடையும்.

உங்ககிட்ட நான் கேக்குறது ரெண்டு விஷயம். நீர்மட்டத்தோட அன்னைக்கு இருப்பு எத்தனை மில்லியன் கனஅடிங்கிறதையும் சேர்த்து தினமும் போடுங்க, சில நாள் வருது சில நாள் வர மாட்டேங்குது. ரெண்டும் சேர்ந்து வந்தா புள்ளைக கிராஃப் ஷீட்ல தினமும் ஒரு புள்ளி வச்சு அந்தக் கோடு எப்படி வளையுதுன்னு தானே பாத்துரும். இன்னொன்னு, மாணவர் பக்கத்துல வாரம் ஒரு கணக்கு, அந்த வாரத்து அணை நிலவரத்தை வச்சே, ஆறாவது புள்ளைக்கு ஒண்ணு, பன்னெண்டாவதுக்கு ஒண்ணு. முதல் ரெண்டு மாசத்துக்கு வேண்டிய கணக்கை விடையோட நானே எழுதி அனுப்புறேன், காசெல்லாம் வேண்டாம். வைகையில தண்ணி திறக்குறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சீங்கன்னா ரொம்ப நல்லாருக்கும்.

இப்படிக்கு,
பாலிடெக்னிக் கணக்கு ஆசிரியர், மதுரை