ரீட்ரெட் டயரை விடுங்கள், கீறி விற்கும் டயரைப் பிடியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் குமரி. மழை பிடித்துவிட்டால் பைக் சறுக்கி விழுந்த செய்தி ஒன்றாவது காதில் விழாமல் இருக்காது. உடனே டீக்கடையில் யாராவது ஒருவர், "எல்லாம் இந்த ரீட்ரெட் டயர் செய்யுத வேலை, அதைத் தடை பண்ணணும்" என்று ஆரம்பிப்பார். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பட்டையை ஒட்டி வேக வைத்து மறுபடி ஓட்டுவதுதான் ரீட்ரெட். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன் நான். அதில் ஒன்பது வருடம் சொந்த வண்டி. இந்தப் பேச்சு, கள்ளனை விட்டுவிட்டு வழியில் போனவனைப் பிடிக்கிற கதையாக இருக்கிறது.

போன ஆடியில் என் தங்கை மகன் பைக்குக்குப் பின் டயர் மாற்றினான். "பாதி விலைக்குக் கிடைச்சுது மாமா, பட்டன் எல்லாம் புதுசு போல இருக்கு" என்றான். பட்டன் என்றால் ரோட்டைப் பிடிக்கிற மேல் ரப்பர் கட்டைகள், அவற்றுக்கு நடுவே ஓடுகிற பள்ளம் காடி. பார்த்தேன். கறுகறுவென்று மினுங்கியது. நானும் சரி என்று விட்டுவிட்டேன், அது என் தப்பு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வில்லுக்குறி பக்கம் சாரல் மழையில் பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பையன் கீழே விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. பின்னால் லாரி எதுவும் வராதது அவன் அம்மா செய்த புண்ணியம்.

மறுநாள் அந்த டயரைக் கழற்றி சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கறுப்புச் சாயம் கையோடு வந்தது. காடிகளின் ஓரம் கத்தியால் நறுக்கியது போலக் கூராக இருந்தது. ஓர் இடத்தில் ஆழம், பக்கத்திலேயே மேலாக. இரண்டு இடத்தில் காடியின் அடியில் வெள்ளை நைலான் நூல் எட்டிப் பார்த்தது. எந்த டயரிலும் காடிக்குள்ளே அங்கங்கே சின்ன மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால் மாற்றிவிட வேண்டும் என்று அர்த்தம். இதில் அந்த மேடே இல்லை. மொட்டையாகத் தேய்ந்து கழித்துப் போட்ட டயரைச் சூடான கத்தியால் கீறி, புதிதாகக் காடி வெட்டி, சாயம் பூசி விற்றிருக்கிறார்கள். மேட்டையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டார்கள். பக்கவாட்டில் 1114 என்று நாலு இலக்கம் இருந்தது. 2014-ஆம் வருடத்தின் 11-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். கடையில் சொன்னது "ரெண்டு வருஷம்தான் ஓடியிருக்கு". பில் கிடையாது.

இதற்குப் பெயர் ரீட்ரெட் இல்லை. ரீட்ரெட்டில் ரப்பரைச் சேர்க்கிறார்கள், இங்கே இருந்த கொஞ்ச ரப்பரையும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். மீண்டும் காடி வெட்டலாம் என்று கம்பெனியே அச்சிட்டு விற்கிற லாரி டயர்கள் உண்டு, அதற்கென்று அடியில் ரப்பர் கனமாக விட்டிருப்பார்கள். பைக் டயரில் அந்தக் கனம் எங்கே இருக்கிறது? வளைவில் சாய்ந்து ஓடுகிற வண்டி அது. இரண்டே சக்கரம், ஒன்று வழுக்கினால் தாங்குவதற்கு இன்னொன்று இல்லை.

நல்ல ரீட்ரெட் பட்டறையில் நடப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் டயரை விரித்து உள்ளே விளக்குப் பிடித்து ஆணி ஓட்டை, நூல் அறுந்த இடம் எல்லாம் தேடுவார்கள். வயதான மேஸ்திரி ஒருவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே சுற்றி வருவார்; சத்தம் மாறினால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது. "இந்த கேசிங் ஆவாது அண்ணே, கொண்டு போங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கேசிங் என்றால் மேல் பட்டன் போக மிச்சமுள்ள டயர் உடம்பு. என் டயர் எத்தனையோ அப்படித் திரும்பி வந்திருக்கிறது. தேறினால்தான் பஃபிங் பிடித்துப் பழைய பட்டனைச் சுரண்டி, ஒட்டுகிற சொல்யூஷன் பூசி, மேலே புதுப் பட்டையைச் சுற்றி, சேம்பரில் ஏற்றி மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். விமானத்து டயரையே இப்படிப் பல தடவை புதுப்பித்து ஓட்டுகிறார்கள். எம்ஆர்எஃப் கம்பெனிகூட 1946-இல் பலூன் செய்து தொடங்கி, 1952-இல் ரீட்ரெட்டுக்கான ரப்பர் செய்யப் போய்த்தான் பிறகு டயருக்கு வந்தது.

முன்சக்கரம் இரண்டுக்கும் எப்போதும் புது டயர், அது பாதி தேய்ந்ததும் பின்னால், அப்புறம் ரீட்ரெட், அதுவும் பின்னால் மட்டும். இப்படித்தான் என் வண்டி ஓடியது. டயரிலிருந்து பிரிந்து ரோட்டில் கிடக்கிற ரப்பர் பட்டையைக் காட்டி ரீட்ரெட்டைத் திட்டுகிறவர்கள், ஆரல்வாய்மொழி, களியக்காவிளை வழியாகக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகளில் எவ்வளவு பாரம், டயரில் எவ்வளவு காற்று என்று கேட்பதில்லை. பின்னால் ஜோடியாக ஓடுகிறதில் ஒரு டயரில் காற்று குறைந்தால் பாரம் முழுவதும் மற்றதன் தலையில் விழும். சூடேறினால் புது டயரும் பிரியும்.

இதை இவ்வளவு சொல்வதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. லாரி டயரில் கார் டயரைவிட இயற்கை ரப்பர் அதிகம். குலசேகரம் பக்கம் விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் வெட்டப் போனவர் என் அப்பா. நல்ல கேசிங்கை ஒரே ஓட்டத்தில் தூக்கி எறிவதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

மோட்டார் வாகன விதிப்படி இரண்டு சக்கர வண்டிக்குக் காடி 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, லாரிக்கு 1.6. வாகன சோதனையில் ஹெல்மெட்டும் இன்சூரன்ஸும் பார்க்கிற அதிகாரிகள் குனிந்து டயரையும் ஒரு பார்வை பார்க்கலாம். பழைய டயர் விற்கிற கடைகளை மூடச் சொல்லவில்லை. அதிகாலையில் மீன் கூடையோடும் கொத்தனார் கரண்டியோடும் கிளம்புகிறவர்கள் வேறு வழியில்லாமல்தான் அங்கே போகிறார்கள். பில்லில் அந்த நாலு இலக்கத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், கீறிய டயரை விற்றால் வழக்குப் போட வேண்டும். இதைத்தான் கேட்கிறேன். 2025 செப்டம்பரில் புது டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பைக்குக்காவது புதிதாக வாங்க முடியுமா என்று ஒருமுறை விலை கேட்டுப் பாருங்கள். பழையதுதான் என்றால், வாங்குமுன் ஈரத்துணியால் துடைத்துக் காடிக்குள் அந்த மேடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

மருமகனின் டயரைப் பழைய சாமான் எடுக்கிற ஆக்கர்காரர் கேட்டார். அப்படியே கொடுத்தால் இன்னொரு கடையில் இன்னொரு பையனுக்காகச் சாயம் பூசிக்கொள்ளும். ஹேக்சா பிளேடால் இரண்டாக அறுத்த பிறகுதான் கொடுத்தேன். கழித்த டயரை எல்லோரும் அப்படி அறுத்தே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
தக்கலை.