ஃபோல்டரைத் திறக்க ஒரு கிளிக் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு காலைகளில் எங்கள் ஊர் வாசகசாலையில் உள்ள இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் தென்னந்தோப்பிலும் வயலிலும் உழைத்துக் கை காய்த்துப்போனவர்கள்.

போன மாதம் 68 வயது அக்கா ஒருவர், பேரனின் காதுகுத்துப் படங்களைப் பார்க்கப் பென் டிரைவோடு வந்தார். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கொடுத்து அனுப்பியது. ஃபோல்டர் மேல் அம்புக்குறியை வைத்து இரண்டு தரம் அழுத்தச் சொன்னேன். இரண்டாவது அழுத்தம் தாமதமாக விழுந்தது. பெயர் மாற்றும் கட்டம் வந்து நின்றது. அடுத்த முறை விரலை எடுக்கும் முன்பே கை நடுங்கி நகர்ந்துவிட்டது. ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்தது. "போட்டோ எல்லாம் போயிருச்சுங்களா டீச்சர்?" என்றார். கண் கலங்கிவிட்டது. தேடி எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் அதன்பின் இரண்டு வாரம் அவர் மௌஸைத் தொடவே இல்லை.

அவர் மேல் என்ன தப்பு? விண்டோஸ் இயல்பாகக் கொடுத்திருக்கும் அவகாசம், இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே அரை நொடி. அதற்குள் மௌஸும் அசையாமல் இருக்க வேண்டும். மூட்டுவலி உள்ள விரலுக்கு இது நடக்கிற காரியமா?

1983இல் ஆப்பிள் கொண்டுவந்த லிசா கணினியின் மௌஸில் ஒரே பொத்தான்தான். ஒரு தரம் அழுத்தினால் தேர்வு, இரண்டு தரம் அழுத்தினால் திறப்பு என்று அந்த ஒரு பொத்தானிடமே இரண்டு வேலை வாங்கினார்கள். இன்று நம் மௌஸில் இரண்டு பொத்தானும் நடுவில் ஒரு சக்கரமும் இருக்கின்றன. பழக்கம் மட்டும் மாறவில்லை.

மாற்ற வழி இல்லாமலும் இல்லை. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே அது இருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஆப்ஷன்ஸைத் திறந்து, ஜெனரல் பக்கத்தில் 'சிங்கிள் கிளிக்' என்று தொடங்கும் வரியைத் தேர்ந்து ஓகே கொடுத்தால் முடிந்தது. விண்டோஸுக்குப் பதிலாகச் சிலர் பயன்படுத்தும் உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளத்தின் ஃபைல் மேனேஜரிலும் விருப்பங்கள் பக்கத்தில் இதே வசதி உண்டு. இரண்டு வாரத்துக்கு முன் வாசகசாலைக் கணினிகளில் இதைச் செய்தேன். அந்த அக்கா இப்போது தானாகவே படங்களைத் திறக்கிறார்.

ஒரே கிளிக்கில் திறந்துகொண்டால் ஒரு ஃபைலைத் தேர்வு செய்வது எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அம்புக்குறியை மேலே கொண்டுபோய்ச் சற்று நிறுத்தினாலே விண்டோஸ் தேர்வு செய்துகொள்ளும். டிக் பெட்டிகளையும் வரவழைக்கலாம். எங்கள் வகுப்பில் வருகிறவர்களுக்குப் பத்துத் தடவை திறக்கிற இடத்தில் ஒரு தடவைதான் தேர்வு தேவைப்படுகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஃபோல்டருக்கு இரண்டு கிளிக், இணையத்தில் இருக்கும் லிங்குக்கு ஒன்று. டபுள் கிளிக் நன்றாகக் கைவந்தவர்கள் இணையத்திலும் எல்லாப் பட்டனையும் இரண்டு தரம் தட்டுகிறார்கள். எங்கள் வகுப்புக்கு வரும் ஒருவரின் விண்ணப்பம் அப்படியே இரண்டாகப் பதிவாகி, ஒன்றை ரத்து செய்ய மூன்று நாள் அலைந்தார்.

லினக்ஸ் கணினிகளில் பயன்படும் கேடிஇ என்ற திரை அமைப்பு பல ஆண்டுகளாக ஒரே கிளிக்கில் திறந்துவந்தது. 2024 பிப்ரவரியில் வந்த அதன் பிளாஸ்மா 6 பதிப்பில் அதையும் டபுள் கிளிக்குக்கு மாற்றிவிட்டார்கள். வேறு கணினிகளில் பழகியவர்களுக்கு வசதி என்று காரணம் சொல்கிறார்கள். எழுபது வயதில் முதன்முதலாக மௌஸ் பிடிக்கிறவருக்குப் பழகிய கணினி எது? எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

உங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் இந்த அமைப்பைப் படத்தோடு ஒருமுறை வெளியிட வேண்டுகிறேன். வாசகசாலைகளிலும் இ-சேவை மையங்களிலும் மக்கள் தாங்களே பயன்படுத்தும் கணினி இருந்தால், அதன் பொறுப்பாளர்கள் இதை இன்றே மாற்றிவைக்கலாம். செலவு ஒன்றுமில்லை, ஒரு நிமிட வேலை.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை.