வர்ணம் பூசுவதற்கு முன் கல்லறைகளைப் படமெடுப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் 2ஆம் திகதி மரித்தோர் நினைவு நாளை முன்னிட்டுக் கொழும்பின் சேமக்காலைகளில் (கிறிஸ்தவ மயானங்களில்) கல்லறைகளைத் துப்புரவு செய்து வர்ணம் பூசும் வேலைகள் விரைவில் தொடங்கிவிடும். பக்தியோடு செய்யப்படும் இவ்வேலையே, ஆண்டுக்கொரு பூச்சாகப் படிந்து, பழைய எழுத்துகளை மூடிவிடுகிறது. ஆகவே, தூரிகை படுவதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து வைக்கும் வழக்கத்தை நமது கத்தோலிக்கத் திருச்சபைப் பங்குகள் இவ்வாண்டே தொடங்க வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய நினைவுக்கல்லில் பெயரும் திகதியும் மட்டுமன்றி, சொந்த ஊர், தகப்பன் பெயர், தொழில், கல்லை நாட்டியவரின் உறவுமுறை ஆகியனவும் பல வேளைகளில் வெட்டப்பட்டிருக்கும். தூத்துக்குடியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்புக்கு வந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பூட்டனின் ஊர் எழுத்தில் எஞ்சியுள்ள ஒரே இடம் அதுவாகவும் இருக்கலாம். 1983க்குப் பின் புலம்பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வம்சாவளியைத் தேடும்போது, தெளிவான ஒரு படம் அவர்களுக்குப் பெரிய உதவியாகும். (தகனம் செய்யும் சைவக் குடும்பங்களுக்கு இந்தச் சான்றும் பெரும்பாலும் இல்லை, அந்தியேட்டிக் கிரியையில் வெளியிடும், ‘கல்வெட்டு’ எனப்படும் நினைவு நூல்களையாவது அவர்கள் பேணிக்கொள்வது நல்லது.)

இலங்கையின் கல்லறை வாசகங்களைப் பிரித்தானிய ஆட்சிக்கால அதிகாரியான ஜே. பென்றி லூயிஸ் தொகுத்து 1913இல் நூலாக வெளியிட்டார். ஆனால் அதில் இடம்பெற்றோர் பெரும்பாலும் ஐரோப்பியரே. நம்மவர் கற்களை நாமே பதிவு செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

இதற்குக் கைத்தொலைபேசி போதும். வெளிச்சத்தில்தான் கவனம் வேண்டும். எழுத்தின் குழிவு தெரிய வேண்டுமானால் ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். கிழக்கு நோக்கிய கல்லில் காலை வெயில் நேரே பட்டு எழுத்தைத் தட்டையாக்கிவிடும் என்பதால், வெயில் பக்கம் திரும்பும்வரை காத்திருக்கலாம், அல்லது கண்ணாடியொன்றால் ஒளியைத் திருப்பிவிடலாம். இந்தப் பருவத்தில் பிற்பகல் மழையை நம்ப முடியாதாகையால் முற்பகலே உகந்தது. முதலில் அயல் கல்லறைகளும் தெரியும்படி ஒரு படமும், பின்னர் வாசகத்துக்கு நெருக்கமாகவும் பின்புறத்திலும் ஒவ்வொன்றும் எடுக்க வேண்டும். அருகருகே அடக்கம் செய்யப்பட்டோர் பெரும்பாலும் உறவினர் என்பதால் முதற்படம் மிக முக்கியமானது. எழுத்தைத் தெளிவாக்குவதற்காகச் சோக்குக்கட்டியோ மாவோ தேய்ப்பதும், கம்பித்தூரிகையால் பாசியைச் சுரண்டுவதும், கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றுவதும் கூடவே கூடாது. சலவைக்கல்லை அமிலம் அரித்துவிடும். சுத்தமான தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். வாசகத்தைப் படியெடுப்போர் ‘றா’, ‘னை’ போன்றவற்றின் பழைய வடிவங்களுக்குத் தடுமாறாமல், கல்லில் உள்ளபடியே, பிழையையும் திருத்தாமல் எழுத வேண்டும்.

பங்குத்தந்தையின் அனுமதியுடனும், பொறளை கனத்தை போன்ற பொது மயானமாயின் மாநகர சபையின் அனுமதியுடனும் இளைஞர் குழுக்கள் இதில் இறங்கலாம். அண்மையில் மரித்தோரின் கல்லறைப் படங்களைக் குடும்பத்தாரின் சம்மதமின்றி இணையத்தில் இடக்கூடாது. படங்களின் ஒரு பிரதி பங்கு அலுவலகத்திலும் இன்னொன்று மறைமாவட்ட ஆவணக் காப்பகத்திலும் இருப்பதற்குப் பேராயர் இல்லம் ஏற்பாடு செய்ய வேண்டுமெனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.