மேற்கு ஜன்னலுக்கு இன்றே திரை போடுங்கள்

கண்காட்சிக் கூடத்தின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

கண்காட்சி முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அதனால் நேராகவே கேட்கிறோம். மேற்கு ஜன்னலுக்கு இன்றே திரை போடுங்கள். முடியாதென்றால் கிழக்குச் சுவரில் மாட்டியிருக்கும் வாட்டர்கலர் படங்களை வடக்குச் சுவருக்கு மாற்றுங்கள். நேரில் இரண்டு முறை சொல்லியாயிற்று. "வெளிச்சம் நல்லாத்தான இருக்கு" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிட்டது.

அந்த வெளிச்சம்தான் படத்தைத் தின்கிறது. காகிதத்தில் வரைந்த ஓவியத்துக்கு அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் வெளிச்சம் விடுவார்கள். மூன்று மணிக்குமேல் உங்கள் கிழக்குச் சுவரில் நேராக அடிக்கும் வெயில் பல்லாயிரம் லக்ஸ். திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் படத்தைப் பாருங்கள். அதில் கல்மண்டபத்தின் நிழல், அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்து மெல்லிசாகப் பூசியது. வெயில் பட்டால் அலிசரின் வெளுக்கும், அல்ட்ராமரைன் நிற்கும். சிவப்பு போய்விட்டால் சூடேறிய கல்லின் நிழல் வெறும் நீலக் கறைதான். ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பட்ட வெயிலெல்லாம் கணக்கில் சேரும். அப்புறம் எத்தனை வருஷம் இருட்டறையில் வைத்தாலும் போன நிறம் திரும்பாது.

படச் சட்டத்தில் கண்ணாடி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடி இந்த வெளிச்சத்தைத் தடுக்காது, உள்ளே சூட்டைத்தான் ஏற்றும். மத்தியானம் காகிதம் காய்ந்து சுருங்குகிறது, ராத்திரி ஈரம் வாங்கி உப்புகிறது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கெட்டிக் காகிதமே இரண்டு படங்களில் நடுவே அலையடித்துக் கிடக்கிறது. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் போர்டு அட்டை கொடுக்கும் இடைவெளியைத் தாண்டி அது கண்ணாடியில் ஒட்டினால், பிரிக்கும்போது வண்ணமும் பெயர்ந்து வரும்.

"கெட்டுப்போனா போட்டோ பார்த்து இன்னொண்ணு போட்டுத் தாங்களேன்" என்று சொன்னார்கள். அதுதான் மனதை வருத்துகிறது. 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தைக் காலை ஏழு மணிக்கு ஆற்றோரம் உட்கார்ந்து பார்த்தால், வளைவின் அடிப்பக்கம் இருட்டாக இருக்காது. தாமிரபரணித் தண்ணீரில் பட்ட வெயில் எழும்பி அங்கே மஞ்சளாக ஆடும். போட்டோவில் பெரும்பாலும் அந்த இடம் கறுப்பாகவே விழும். அந்த ஒளி இரண்டு மணி நேரம்கூட நிற்காது, மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி போய் உட்கார வேண்டும். அப்படிச் சேர்த்ததுதான் இங்கே மாட்டியிருக்கும் அந்தப் பாலத்தின் படம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறப்பு விழா பேனர் கண் மட்டத்தில் பளிச்சென்று இருக்கிறது. அதற்கு இடம்விட்டு, 11க்கு 15 அங்குலக் கால் ஷீட் படங்களை ஏழடி உயரத்தில் ஏற்றிவிட்டீர்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருந்தால்தான் நின்று பார்க்க முடியும். எதிர்ச்சுவர் டியூப் லைட் வேறு கண்ணாடியில் கோடாக விழுகிறது. ஈரடுக்கு மேம்பாலப் படத்தைப் பார்க்க வந்தவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். விழா முடிந்துவிட்டது. பேனரையாவது இறக்கலாம்.

கோபத்தில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் அந்த ஜன்னலுக்குத் திரை வேண்டும். கறுப்புக் காடாத் துணி இரண்டு மடிப்பாகப் போட்டால் போதும். துணி, ஏணி, கொக்கி எல்லாம் நாங்களே கொண்டுவருகிறோம். மூன்று மணிக்கு முன்பாகக் கூடத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள், அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
கூடத்தில் படம் வைத்திருக்கும் ஓவியர்கள்